வாய்தாவும் ஒரு தீர்ப்புதான்

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் நிறைவேறி, 2006 அக்டோபர் 26-ல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12-வது பிரிவு இரண்டு கெடு வைத்திருக்கிறது. மனு கைக்கு வந்ததும், சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை நடக்க வேண்டும். அந்த முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் மனுவை முடித்துவிட மாஜிஸ்திரேட் முயல வேண்டும். ஏதாவது ஒரு தாலுகா கோர்ட் வராந்தாவில் நின்று இதை உரக்க வாசித்துப் பாருங்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குக் காரணம் இருக்கிறது. உத்திரமேரூர் போன்ற தாலுகா ஊர்களில் முன்சீப்பும் மாஜிஸ்திரேட்டும் பெரும்பாலும் ஒரே ஆள். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை, செக் கேஸ், ஏரி மண் அள்ளிப் பிடிபட்ட டிராக்டர், குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர், ரிமாண்டுக்குக் கூட்டி வந்த கைதி என்று எல்லாமே ஒரே மேஜைக்கு வரும். அந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில், குடும்ப வன்முறை வழக்கைக் குறிக்கும் டி.வி.சி. என்ற எழுத்தோடு ஒரு நம்பரைக் கூப்பிடுவார்கள். நாத்து நடவுக் கூலியையோ ஒரகடம் கம்பெனியில் ஒரு ஷிப்ட் சம்பளத்தையோ விட்டுவிட்டு, கைக்குழந்தையோடு வந்திருக்கும் பெண் எழுந்து போய் நிற்பார். எதிர்த்தரப்பு வந்திருக்காது. வந்திருந்தாலும் வக்காலத்துப் போட அவகாசம் கேட்கும், இல்லாவிட்டால் கவுண்டர் தயாராகவில்லை என்று சொல்லும். அடுத்த மாதம் ஒரு தேதி கிடைக்கும். இவ்வளவும் நடந்து முடிய ஒரு நிமிஷம்கூட ஆகாது.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடக்கிறது என்பதை எந்தக் கோர்ட்டும் குறித்து வைப்பதில்லை. கணவர் வீட்டில் இருந்தபடியே வழக்குப் போட்டவர் என்றால், யார் மீது மனு கொடுத்தாரோ அவரோடுதான் அன்று ராத்திரியும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தாக வேண்டும். தாய்வீட்டுக்கு வந்துவிட்டவர் என்றால், இரண்டாவது மாதத்திலேயே அண்ணியின் முகம் மாறத் தொடங்கியிருக்கும். பிள்ளையின் டி.சி. அந்த ஊர்ப் பள்ளியில் இருக்கும், நகை மாமியாரின் பீரோவில் இருக்கும். எதிர்த்தரப்பிடமோ வீடு, வண்டி, சம்பளம், ஊரில் பேச்சு எல்லாம் முன்பு இருந்தபடியே இருக்கும். வாய்தா இரண்டு பேருக்கும் பொதுவான ஒன்றாகத் தெரிகிறது. ஆனால் அது கொடுக்கும் பலன் ஒரு பக்கத்துக்கு மட்டும் போய்ச் சேர்கிறது. ஒருவருக்குச் சாதகமாக ஒரு வார்த்தையும் பேசாமல், ஒரு வரியும் எழுதாமல், தேதி கொடுத்தே ஒரு நீதிபதியால் அவரை ஜெயிக்க வைத்துவிட முடியும்.

குடும்ப வன்முறை வழக்குகளில் நீதிபதிகள் நடுநிலையாக இருக்கிறார்களா என்ற பேச்சு எழும்போதெல்லாம், நாம் இறுதித் தீர்ப்பை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம். பார்க்க வேண்டிய இடம் வேறு. தீர்ப்புக்கு முன்னால் கொடுத்த தேதிகளும், அந்தத் தேதிகளில் நீதிபதியின் வாயிலிருந்து வந்த வார்த்தைகளும்தான் உண்மையைச் சொல்லும்.

இத்தனைக்கும் சட்டம் மாஜிஸ்திரேட்டின் கையைக் கட்டிப்போடவில்லை. பெண் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்கிறது 27-வது பிரிவு. சென்னையிலோ பெங்களூரிலோ வாழ்க்கைப்பட்ட பெண் உத்திரமேரூர்ப் பக்கத்துத் தாய்வீட்டில் வந்து இருந்தால், இங்கேயே மனு கொடுக்கலாம். பிரமாண வாக்குமூலம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பே இடைக்கால உத்தரவு போடலாம் என்கிறது 23-வது பிரிவு. நடைமுறையைத் தேவைக்கு ஏற்ப வகுத்துக்கொள்ளும் சுதந்திரத்தை 28-வது பிரிவு கோர்ட்டுக்கே கொடுத்திருக்கிறது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் 31-வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. இவ்வளவு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் நாளில் வெறும் தேதி மட்டும் கொடுப்பதை, வேலைப்பளு என்ற ஒரே காரணத்தைச் சொல்லி மன்னித்துவிட முடியாது.

வேலைப்பளு பொய் என்றும் சொல்ல வரவில்லை. 2022 ஜூலை 1 நிலவரப்படி நாடு முழுவதும் 4.71 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்ப வன்முறை வழக்குகள் நிலுவையில் இருந்தன. இந்தக் கணக்கு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டபோது, ஒரு மாவட்டத்துக்கு ஒரே பாதுகாப்பு அலுவலர் என்றால் ஒருவர் தலையில் 500, 600 வழக்குகள் விழும் என்று 2023-ல் நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். தமிழ்நாட்டுக்கு இது தனிக் கவலை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், மணமான 18 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் கணவரிடம் வன்முறையை அனுபவித்தவர்கள் நாட்டளவில் 29.3 சதவீதம். தமிழ்நாட்டில் 38.1 சதவீதம். படிப்பிலும் தொழிலிலும் முன்னால் நிற்கும் மாநிலம், இந்த வரிசையிலும் முன்னால் நிற்கிறது.

இனி வார்த்தைகள்.

2012-ல் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் அடி தாங்க முடியாமல் வந்த ஒரு பெண்ணிடம் நீதிபதி பக்தவத்சலா பேசியது நாடு முழுக்கச் செய்தியானது. எல்லாக் கல்யாணத்திலும் பெண்கள் கஷ்டப்படத்தான் செய்கிறார்கள், உன் கணவர் நல்ல தொழில் செய்கிறார், உன்னைப் பார்த்துக்கொள்வார், இன்னும் எதற்கு அடித்ததையே பேசிக்கொண்டிருக்கிறாய் என்ற பொருளில் போனது அந்தப் பேச்சு. கல்யாணம் ஆகாத ஒரு பெண் வக்கீலிடம், குடும்ப வழக்குகளில் வாதாட கல்யாணம் ஆகியிருக்க வேண்டும் என்ற அளவிலும் அவர் பேசினார். அவரைப் பதவியிலிருந்து நீக்கக் கோரி கையெழுத்து இயக்கம் நடந்தது. அவர் சொன்னது புதிதான ஒன்றல்ல என்பதுதான் இதில் வேதனை. நம் ஊர்த் திண்ணையில் பெரியவர்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்வதைத்தான் அவர் நீதிமன்ற மேடையில் உட்கார்ந்து சொன்னார்.

தமிழ்நாடும் சளைத்ததில்லை. 2015 ஜூனில், கடலூர் மாவட்டத்து பாலியல் வன்கொடுமை வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றவரை, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீனில் விட்டது சென்னை உயர் நீதிமன்றம். அதற்கு அடுத்த மாதம் 1-ம் தேதி, வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட குற்றங்களில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று கண்டிப்பாகச் சொன்னது. சில நாட்களில் உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. குடும்ப வன்முறையும் பாலியல் வன்கொடுமையும் வேறு வேறு குற்றங்கள்தான். ஆனால் இரண்டுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம் ஒன்று: நடந்தது நடந்துவிட்டது, இனி எப்படியாவது ஒட்டவைத்துவிடலாம்.

2020-ல் இந்தூரில் இது வேடிக்கையாகவே ஆகிவிட்டது. பெண்ணிடம் அத்துமீறியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீன் கொடுத்த மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம், அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போய் ராக்கி கட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டது. 2021 மார்ச் 18-ல் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கான்வில்கரும் ரவீந்திர பட்டும் அதை ரத்து செய்தார்கள். ஆண்தான் குடும்பத் தலைவன், பெண் அடங்கிப் போக வேண்டும் என்பது போன்ற கருத்துகள் கோர்ட்டில் நீதிபதியின் வாயிலிருந்து வரவே கூடாது என்று பட்டியல் போட்டுச் சொன்னார்கள். நீதிபதிகளுக்கு இதில் பயிற்சி வேண்டும் என்றும் எழுதினார்கள். 2023 ஆகஸ்டில், தலைமை நீதிபதி சந்திரசூட் இருந்தபோது, பாலினம் பற்றிய தேய்ந்த எண்ணங்களை எதிர்கொள்ள நீதிபதிகளுக்கென்று ஒரு கையேடும் வெளியானது.

நீதிபதியின் அலட்சியமான ஒரு வார்த்தைக்கு எவ்வளவு விலை இருக்க முடியும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய உதாரணம் உண்டு. 1986-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சாமர்வில் நீதிமன்றத்தில் ஒரு பெண், கணவர் இருக்கும் வீட்டிலிருந்து தன் சாமான்களை எடுத்துவரப் போலீஸ் துணை கேட்டார். இதைவிடப் பெரிய வேலைகள் கோர்ட்டுக்கு இருக்கின்றன என்று நீதிபதி அவரைக் கடிந்துகொண்டார். சில மாதங்களில் அந்தக் கணவர் அவரைக் கொன்றுவிட்டார். அந்த மாநிலத்தில் குடும்ப வன்முறையைப் பற்றி நீதிபதிகளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற விவாதம் அந்த மரணத்துக்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

சென்னை, பெங்களூர், இந்தூர் உயர் நீதிமன்றங்களில் நடப்பது வெளியே தெரிந்துவிடும். அங்கே நிருபர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். 2024 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி ஸ்ரீஷானந்தா பெண் வக்கீல் ஒருவரிடம் பேசிய பேச்சு யூடியூப் நேரலையில் ஓடியதால்தான் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரித்தது. அவர் திறந்த நீதிமன்றத்தில் வருத்தம் தெரிவித்த பிறகு விவகாரத்தை முடித்துவைத்தது. தாலுகா கோர்ட்டில் நிருபரும் இல்லை, நேரலையும் இல்லை. இந்த வழக்குகளுக்கு நேரலை கேட்பதும் தவறு. தரப்பினர் விரும்பினால் மூடிய அறையில் விசாரிக்கலாம் என்று 16-வது பிரிவு சொல்வது அவர்களின் மானத்தைக் காக்கத்தான். ஆனால் அதே மறைவில்தான் ‘ரெண்டு அடி அடிச்சா என்னம்மா, குழந்தையைப் பாரு’ போன்ற ஒரு வாக்கியம் யாருக்கும் தெரியாமல் காற்றில் போய்விட முடியும். அது பதிவேட்டில் ஏறாது. அதை எதிர்த்து அப்பீல் போடவும் முடியாது. அதைக் கேட்ட பெண் மட்டும் அடுத்த வாய்தாவுக்கு வரமாட்டார். ‘மனுதாரர் ஆஜராகவில்லை, மனு தள்ளுபடி’ என்று வழக்கு முடிந்துவிடும். புள்ளிவிவரத்தில் அது பைசல் ஆன வழக்கு.

சமாதானம் பேசுவதே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நம் கிராமங்களில் ஒரு பெண் கோர்ட் வாசலை மிதிப்பதற்குள் எத்தனையோ சமாதானங்களைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார். முதலில் மாமன் மச்சான் உட்கார்ந்து பேசுவார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்கள். பிறகு மகளிர் காவல் நிலையம். அங்கே ‘இனிமே கை வைக்க மாட்டேன்’ என்று கணவர் எழுதிக் கொடுத்த காகிதம் ஒன்று கண்டிப்பாக இருக்கும். மகளிர் காவல் நிலையங்களை 1992-லேயே தொடங்கிய மாநிலம் இது. அவற்றின் மேல் எவ்வளவு குறை சொன்னாலும் கதவு திறந்திருக்கிறது என்பது ஒரு பெரிய விஷயம். ஆனால் இத்தனை சமாதானமும் தோற்ற பிறகுதான் மனு எழுதப்படுகிறது என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரும் நான்காவது பஞ்சாயத்தாராக மாறிவிட்டால் அந்தப் பெண் வேறு யாரிடம் போவார்?

சட்டம் இதையும் யோசித்திருக்கிறது. 14-வது பிரிவில் ஆலோசனைக்கு அனுப்பலாம். அனுப்பினால் அடுத்த விசாரணை 2 மாதத்தைத் தாண்டக்கூடாது. 2006-ல் வந்த விதிகளின்படி ஆலோசகரின் முதல் வேலை, வன்முறை திரும்ப நடக்காது என்ற உறுதியைப் பெறுவது. அடித்ததற்கு நியாயம் சொல்லி எதிர்த்தரப்பு அங்கே பேச அனுமதியே கிடையாது. ‘சாப்பாடு சரியில்ல, அதான்’, ‘போன்ல பேசிக்கிட்டே இருந்தா, அதான்’ என்பதையெல்லாம் ஆலோசகர் காதில் வாங்கவே கூடாது. ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சட்டம் சொல்லும் ஆலோசனைக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு விதியில் அடங்கியிருக்கிறது. நடைமுறையில் எத்தனை மேஜைகளில் இந்த விதி திறந்து படிக்கப்படுகிறது என்பதுதான் கேள்வி.

பொதுப் பொறுப்பில் இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்த ஊர் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14-வது ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, அதாவது 919, 921-ம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் இருக்கின்றன. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் இதைப் பெருமையாகச் சொன்னார். எல்லோரும் குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தெடுத்த குடவோலை முறையைத்தான் பேசுகிறார்கள். அந்தச் சுவரில் நின்று யோசிக்க வேண்டிய பகுதி, யாரெல்லாம் வரக்கூடாது என்ற பட்டியல்தான். வாரியம் என்ற சபைக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அதோடு விடவில்லை. அவருடைய தாயின் சகோதரிகளின் பிள்ளைகள், அத்தை பிள்ளைகள், தாய்மாமன், மாமனார், மைத்துனன் என்று நீள்கிறது விலக்கப்பட்ட உறவுமுறை. பிறர் பொருளை அபகரித்தவருக்கும் இடமில்லை. பொறுப்பில் இருக்கும்போது குற்றம் கண்டால் அப்போதே நீக்க வேண்டும். முதலில் எழுதிய விதிகள் போதவில்லை என்று இரண்டே வருஷத்தில் திருத்தியும் எழுதியிருக்கிறார்கள்.

இது நீதிபதிகளுக்கென்று எழுதிய விதி இல்லை. ஒரு பிரம்மதேய ஊரின் சபைக்கு எழுதியது. கால்வேலி நிலமும் வேதப் படிப்பும் இருந்தவருக்கே அந்தக் குடத்தில் ஓலை உண்டு. பெண்ணுக்கு ஓலையே கிடையாது. பெருமை பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும். ஆனாலும் அதிகாரம் கையில் வந்ததும் மனிதர் யாருக்குச் சாய்வார் என்பதை அந்தச் சபை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. அதனால்தான் அவ்வளவு நீளமான உறவுப் பட்டியல். 1997 மே 7-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட நீதித்துறை வாழ்வின் விழுமியங்கள் என்ற ஆவணமும் இதையேதான் வேறு நடையில் பேசுகிறது. உறவினர்கள் தன் முன் வாதாட விடக்கூடாது, வக்கீல்களில் தனிப்பட்ட சிலரோடு நெருக்கம் கூடாது, பதவிக்கு ஏற்ற விலகல் வேண்டும் என்கிறது அது. 2002-ல் முழுமை பெற்ற பெங்களூர்க் கோட்பாடுகள் உலக நீதிபதிகளுக்கு ஆறு அளவுகோல்களை வைத்தன. அதில் நடுநிலையும் சமத்துவமும் தனித்தனியாக இருக்கின்றன. ஏனென்றால் யாரிடமும் காசு வாங்காத, யாருக்கும் சொந்தக்காரராக இல்லாத நீதிபதிகூட, பொண்டாட்டி என்றால் கொஞ்சம் பொறுத்துத்தான் போகணும் என்று நம்புகிறவராக இருக்கலாம். உறவுப் பட்டியல் போட்டு அந்தச் சாய்வைத் தடுக்க முடியாது.

அரசியல் சட்டத்தின் 235-வது பிரிவின்படி கீழமை நீதிமன்றங்கள் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் அப்பீல் போடலாம். அவருடைய நடத்தையில் குறை என்றால் மாவட்ட முதன்மை நீதிபதிக்கோ உயர் நீதிமன்றத்துக்கோ எழுதலாம். காகிதத்தில் வழி சரியாக இருக்கிறது. ஆனால் அதே கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்த நீதிபதியின் மேல் புகார் எழுத எந்தப் பெண்ணுக்குத் துணிச்சல் வரும்? அவருடைய வக்கீலுக்கு அதே கோர்ட்டில் இன்னும் இருபது வழக்குகள் இருக்கும். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள்.

இந்த இடத்தில் கணவன்மார்களின் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மனுவில் கணவரோடு சேர்த்து, துபாயில் இருக்கும் மைத்துனர், கல்யாணம் ஆகிப் போன நாத்தனார், எழுந்து நடக்க முடியாத மாமனார் என்று ஏழெட்டுப் பேரைச் சேர்ப்பது வக்கீல்களிடம் பழகிப்போன வழக்கம். 2021 ஜனவரி 18-ல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் கொடுத்த தீர்ப்பு இந்த வழக்கத்தை நேராகத் தொட்டது. 12-வது பிரிவு மனு உரிமையியல் தன்மை கொண்டது, எதிர்த்தரப்பில் நிற்பவர் குற்றவாளி இல்லை என்றார் அவர். சம்மனுக்குப் பதில் விதிகளில் உள்ள படிவத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள், வக்கீல் ஆஜரானால் போதும், ஆள் வரவில்லை என்று பிடிவாரண்ட் போடாமல் ஒருதலைப்பட்சமாக விசாரணையைத் தொடருங்கள், சம்பந்தமில்லாத உறவினர்களை ஆரம்பத்திலேயே நீக்குங்கள் என்று மாஜிஸ்திரேட்டுகளுக்கு வழி சொன்னார்.

இந்தத் தீர்ப்பை ஆண்களுக்கான சலுகை என்று வாசித்தவர்கள் உண்டு. கொஞ்சம் நிதானமாக வாசித்தால் அது பெண்ணுக்கும் நன்மை செய்கிறது என்பது தெரியும். எட்டுப் பேருக்கும் நோட்டீஸ் போய்ச் சேரும்வரை காத்திருப்பதில்தான் முதல் ஆறு மாதம் போகிறது. ஒருவர் மேல் மட்டும் வழக்கு என்றால் வாய்தா கேட்கவும் ஒருவர்தான் இருப்பார்.

இந்த மனுக்களை உயர் நீதிமன்றம் தன் உள்ளார்ந்த அதிகாரத்தால் ரத்து செய்யலாமா என்ற கேள்வியில் பல ஆண்டுகள் குழப்பம் நீடித்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற நீதிபதி ஓகா எழுதிய தீர்ப்பு, அந்த அதிகாரம் உண்டு, ஆனால் மிகுந்த நிதானத்தோடுதான் பயன்படுத்த வேண்டும் என்று முடித்தது. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது 2016-ல் தான் பங்கேற்ற தீர்ப்பு இதற்கு நேர்மாறாக இருந்தது என்பதை அவரே எடுத்துச் சொல்லி, அது தவறு என்று ஒப்புக்கொண்டார். நீதிபதிகளின் நடத்தை என்றாலே கெட்ட உதாரணங்களே நினைவுக்கு வருவதால் இதையும் குறித்து வைக்கலாம். தன் பழைய தீர்ப்பைத் தானே தவறென்று எழுதும் நீதிபதியை நாம் அடிக்கடி பார்ப்பதில்லை.

வரதட்சணைக் கொடுமை வழக்குகளிலோ உச்ச நீதிமன்றம் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டிருக்கிறது. 2017-ல் கைதுக்கு முன் குடும்ப நலக் குழு பார்க்க வேண்டும் என்றது. 2018-ல் அந்தக் குழுவை எடுத்தது. 2025 ஜூலையில், அலகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்த, கைது செய்யாமல் 2 மாதம் பொறுத்திருக்கும் ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. அந்த 2 மாதமும் அடி வாங்குகிறவர் எங்கே இருப்பார் என்பதை யோசித்த சுவடு தெரியவில்லை.

பணத்தில் நியாயம் காட்டுவது இதைவிட எளிது. ஜீவனாம்சம் கேட்டால், மாதம் 60,000 சம்பாதிப்பவர் கோர்ட்டில் 12,000 என்பார். கணவருக்கு எவ்வளவு வருமானம் என்று மனைவிக்கே தெரியாமல் வைத்திருக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம். 2020 நவம்பர் 4-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வழி செய்தது. இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். மனைவி வேலைக்குப் போகிறார் என்றால் அதுவும் அதில் வர வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்தே கணக்கு. வாய்தா இழுக்க இழுக்கப் பாக்கி ஏறும் என்று ஆக்கியதுதான் இந்தத் தீர்ப்பின் சாமர்த்தியம். இழுத்தடிப்பதில் இருந்த லாபம் அதோடு போய்விடுகிறது. ஆனால் அதற்கு மாஜிஸ்திரேட் முதல் நாளிலேயே அந்த வாக்குமூலத்தைக் கேட்க வேண்டும்.

மேலே இருந்து நல்ல தீர்ப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மாமியார் பேரில் இருக்கும் வீடு என்று சொல்லி மருமகளை வெளியே தள்ள வழிவிட்ட 2006-ம் ஆண்டுத் தீர்ப்பை, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் மனு போடவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை 2022 ஏப்ரலில் திருத்தியது. அடுத்த மாதமே, பாதுகாப்பு அலுவலரின் அறிக்கை இல்லாவிட்டாலும் உத்தரவு போடலாம் என்றது.

இவற்றில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி மஞ்சுளா 2022 ஆகஸ்டில் கொடுத்த உத்தரவைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த வழக்கில் மனைவி ஒரு வக்கீல். கணவர் வீட்டிலேயே இருக்கலாம், ஆனால் தொந்தரவு செய்யக்கூடாது என்று குடும்ப நீதிமன்றம் சொல்லியிருந்தது. படிக்கும்போது நடுநிலையான உத்தரவு மாதிரியே இருக்கும். ஒருவரைப் பார்த்தாலே நடுங்குகிறவர்களின் பக்கத்திலேயே அவரை வைத்துவிட்டு, ஒழுங்காக இரு என்று மட்டும் சொல்வது நடைமுறைக்கு ஒவ்வாது என்றார் நீதிபதி. வீட்டில் அமைதி வர அவரை வெளியேற்றுவது ஒன்றுதான் வழி என்றால், அவருக்குப் போக வேறு இடம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வெளியேற்ற வேண்டும் என்றார். 2 வாரம் கெடு கொடுத்தார். போகாவிட்டால் போலீஸ் உதவி. குடும்ப நீதிமன்றம் இரு தரப்பையும் சமமாக நடத்துவதாக நினைத்துக்கொண்டது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் சமமாக இல்லை என்பதை உயர் நீதிமன்றம் பார்த்தது.

அந்தப் பெண் வக்கீலாக இருந்ததால் உயர் நீதிமன்றம் வரை வந்தார். உத்திரமேரூர்ப் பக்கத்தில் கூலிக்குப் போகிற பெண்ணுக்குக் காஞ்சிபுரம் போய் வருவதே ஒரு நாள் வேலை. அவருக்குக் கிடைக்கும் முதல் கோர்ட்தான் கடைசிக் கோர்ட்டும். அதனால் மாற்றம் அங்கே தொடங்க வேண்டும், பெரிய செலவில்லாமலே தொடங்கவும் முடியும். வாரத்தில் ஒரு நாளை இந்த மனுக்களுக்கென்று ஒதுக்கலாம். அன்று செக் கேஸும் மண் டிராக்டரும் வேண்டாம். முதல் விசாரணையில் இடைக்கால உத்தரவு போட வேண்டும். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று இரண்டு வரி எழுத வேண்டும். வாய்தா யார் கேட்டது, எதற்குக் கேட்டார்கள் என்பதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அதைத் தமிழில் எழுதினால் அந்தப் பெண்ணே படித்துக்கொள்வார். உத்தரவின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 24-வது பிரிவு ஏற்கெனவே சொல்கிறது. ஒவ்வொரு தாலுகா கோர்ட்டிலும் 60 நாளைத் தாண்டிய மனுக்கள் எத்தனை என்ற எண்ணை, ஆள் பெயர் இல்லாமல், மாதம்தோறும் மாவட்ட நீதிமன்றம் வெளியிடலாம்.

அரசாங்கத்துக்கும் ஒரு பாக்கி இருக்கிறது. 2025 மே 20-ல் நீதிபதி நாகரத்னா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மாவட்ட அளவில் மட்டுமல்லாமல் தாலுகா அளவிலும் பாதுகாப்பு அலுவலர்களை நியமிக்க வேண்டும், இன்னும் நியமிக்காத மாநிலங்கள் 6 வாரத்துக்குள் செய்து முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் நினைவூட்டியது. உத்திரமேரூர் தாலுகாவுக்குப் பாதுகாப்பு அலுவலர் யார், அவருடைய அலுவலகம் எங்கே, போன் நம்பர் என்ன? தாலுகா அலுவலகத்திலும், கோர்ட் வாசலிலும், காவல் நிலையத்திலும், பஸ் ஸ்டாண்டிலும் இந்த மூன்று தகவலோடு ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் பெண்கள் உதவிக்கான 181, சட்ட உதவிக்கான 15100 ஆகிய எண்களும் இருக்க வேண்டும்.